சிகிச்சை முடிந்தது, சரி, அப்புறம்? லிம்போமா தணிந்த பிறகு எழும் கேள்விகள்

திண்டுக்கல்லில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். 2022 பிப்ரவரியில் கழுத்தில் நெறி கட்டியது. சளி, பல்வலி, காசநோய் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, ஏப்ரலில் பயாப்ஸி செய்தார்கள். டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா, அதாவது ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. 21 நாளுக்கு ஒன்றாக ஆறு சைக்கிள் ஆர்-சாப் கீமோ, ஐந்து மருந்துகள் சேர்ந்த கூட்டு. ஆகஸ்டில் முடிந்தது. செப்டம்பர் கடைசியில் எடுத்த பெட் ஸ்கேனில் எதுவும் ஒளிரவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை ஓபி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போன் செய்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் பாதி நான் டாக்டரை நச்சரித்துத் தெரிந்துகொண்டவை, மீதி நானே பட்டது. நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

ரெமிஷன் என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமா?

நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘கம்ப்ளீட் மெட்டபாலிக் ரெஸ்பான்ஸ்’ என்று இருந்தது. “அப்படின்னா குணமாயிருச்சா சார்?” என்றேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, “இப்போதைக்கு ஒண்ணும் தெரியலைம்மா, நல்ல விஷயம்” என்றார். குணம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கவே முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பூசி மெழுகவில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது.

பெட் ஸ்கேனுக்கு முன்னால் லேசான கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுவார்கள். ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். வேகமாகப் பெருகும் செல்கள் அந்தச் சர்க்கரையை அள்ளித் தின்னும், படத்தில் அந்த இடம் ஒளிரும். அந்த ஒளிர்வை நெஞ்சுப் பகுதி ரத்தக்குழாயோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 2009இல் பிரான்சின் டோவில் நகரில் கூடிய மருத்துவர்கள் வகுத்த முறை என்பதால் அதற்கு டோவில் ஸ்கோர் என்று பெயர். 1, 2, 3 வந்தால் பொதுவாக நோய் முழுதாகத் தணிந்ததாகக் கொள்கிறார்கள். எனக்கு 2. இவ்வளவு குறைவாக மார்க் வாங்கிவிட்டு யாரும் இப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் சில மில்லிமீட்டர்கூட இல்லாத அளவுக்குப் பொடியாக எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஸ்கேனில் தெரியாது. ‘தெரியவில்லை’ வேறு, ‘இல்லை’ வேறு. ரெமிஷன் என்பது முதலாவது. அந்தத் ‘தெரியவில்லை’ வருடக்கணக்கில் நீடித்தால் டாக்டரே ஒரு நாள் குணம் என்ற சொல்லை எடுப்பார்.

திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?

முதலில் உங்களுக்கு வந்தது எந்த லிம்போமா என்று பாருங்கள். லிம்போமா என்பது ஒரே நோய் இல்லை, அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள். பக்கத்து பெட்காரரின் கதையை எடுத்து உங்களுக்குப் பொருத்திப் பார்ப்பது, அடுத்தவர் அளவில் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்ப்பது மாதிரிதான்.

எனக்கு வந்தது வேகமாக வளரும் வகை. ஆர்-சாப் போட்டவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு அது நிரந்தரமாகப் போய்விடுகிறது. திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும். 24 மாதம் எதுவும் வராமல் கடந்தவர்களின் ஆயுள் கிட்டத்தட்ட அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளைப் போலவே இருக்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. டாக்டர் இதைச் சொன்ன நாளிலிருந்து காலண்டரில் மாதங்களை அடித்துக்கொண்டே வந்தேன். 24 தாண்டினால் நூற்றுக்கு நூறு என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள், அதற்குப் பிறகும் சிலருக்கு வருகிறது. ஆனால் பாரம் பாதிக்கு மேல் இறங்கிவிடும்.

ஹாட்ஜ்கின் வகையில் குணமாகும் விகிதம் இதைவிட நன்றாக இருக்கிறது. அங்கும் முதல் இரண்டு மூன்று வருடம்தான் முக்கியம். ஃபாலிக்குலர் போன்ற மெதுவான வகைகளின் போக்கே வேறு: தணியும், சில வருடம் கழித்துத் தலைகாட்டும், மறுபடி மருந்து, மறுபடி தணியும். சர்க்கரை நோயோடு வாழ்வதைப் போல அதோடு இருபது வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இரண்டு வருடக் கணக்கைச் சொல்லிக் குழப்பாதீர்கள்.

விகிதம் என்பது ஆயிரம் பேருக்கானது. உங்கள் ஒருவருக்கு வரும் அல்லது வராது, பத்தில் நாலு பங்கு மட்டும் வராது. மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமே, டாக்டர் ஏன் எழுத மாட்டேன் என்கிறார்?

செலவை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு வழக்கமாக பெட் ஸ்கேன் எடுப்பதை இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்கள் ஊக்குவிப்பதில்லை. நோய் திரும்புவதைப் பெரும்பாலும் நோயாளியோ, கை வைத்துப் பார்க்கும் டாக்டரோதான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்கேனோ காரணமில்லாமல் ஆளைக் கலங்கடித்துவிடும். சர்க்கரை தின்பது புற்று மட்டும் இல்லை. காசநோய் நெறிக்கட்டு ஒளிரும், நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சமீபத்தில் கையில் தடுப்பூசி போட்டிருந்தால் அந்தப் பக்கத்து அக்குள் ஒளிரும். சின்ன வயதுக்காரர்களுக்குக் கீமோவில் சுருங்கிய தைமஸ் சுரப்பி மறுபடி வளரும்போது நெஞ்சு நடுவில் ஒளிரும். அப்புறம் அது என்ன என்று பார்க்க ஊசி, பயாப்ஸி, பத்து நாள் தூக்கமின்மை. கதிர்வீச்சு வேறு.

எனக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப். கழுத்து, அக்குள், கவட்டை, வயிறு எல்லாம் தொட்டுப் பார்ப்பார். ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை, எல்டிஹெச் என்ற நொதி, அவ்வளவுதான். முதல் தடவை ஐந்து நிமிடத்தில் “போயிட்டு வாங்கம்மா” என்றதும் ஏமாந்த மாதிரி இருந்தது. இப்போது அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் காலை நாலரை மணி பஸ் பிடிக்கிறேன்.

கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எப்படி நிறுத்துவது?

நான் தாலிச் சங்கிலியைச் சரிசெய்வது போலவே விரலைக் கழுத்தெலும்புக் குழியில் விட்டுத் தடவிக்கொண்டிருப்பேன். வாடிக்கையாளர் அளவு ரவிக்கையை எடுத்துக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார், கை பாட்டுக்குப் போய்விடும். என் மகள்தான் கண்டுபிடித்தாள். “அம்மா, இன்னைக்கு எத்தனாவது தடவை?” என்பாள். தடவித் தடவியே அந்த இடம் கன்றி வலித்தது. வலித்ததால் பயந்து இன்னும் தடவினேன்.

டாக்டரிடம் வெட்கத்தோடு சொன்னேன். எல்லோரும் செய்வதுதான் என்றார். மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டு, குளிக்கும்போது மட்டும் பாருங்கள், மற்ற நாள் கை அங்கே போனால் எடுத்துவிடுங்கள் என்றார். நான் தமிழ் மாத முதல் வெள்ளியை வைத்துக்கொண்டேன். உடனே பழகவில்லை, ஆறேழு மாதம் பிடித்தது. இப்போதும் ஊரில் யாருக்காவது கேன்சர் என்று கேள்விப்பட்டால் அன்று முழுக்கக் கை அங்கேதான்.

எதைப் பார்த்தால் காத்திருக்காமல் போக வேண்டும்?

வலியில்லாத கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் குறையாமல் இருந்தாலோ பெரிதாகிக்கொண்டே போனாலோ. காரணம் தெரியாமல் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால். ஆறு மாதத்தில் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு தானாகக் குறைந்தால். இரவு வேர்வை. மே மாதம் கரண்ட் போன ராத்திரியில் வேர்ப்பதெல்லாம் இதில் சேராது. மார்கழிக் குளிரிலும் தலையணை நனைந்து, எழுந்து உடை மாற்ற வேண்டியிருந்தால் அதுதான் அவர்கள் கேட்கும் வேர்வை. மூச்சுத் திணறல், முகவீக்கம் என்றால் அன்றைக்கே போங்கள்.

தொண்டைக் கரகரப்போடு வரும் சின்ன வலிக்கட்டி, பொடுகுப் புண்ணால் பின்னங்கழுத்தில் வரும் நெறி, இதெல்லாம் மனிதருக்கு வருவதுதான். நமக்கும் வரும்.

செக்கப்புக்கு முந்தின வாரம் தூக்கமே வருவதில்லை. மூன்று வருடம் ஆகியும் இப்படியா?

ஆமாம். எனக்கு இன்றும் அப்படித்தான். மற்ற நாட்களில் மறந்தே போகிறேன். ஆனால் அப்பாயின்ட்மென்ட்டுக்குப் பத்து நாள் முன்னால் முதுகு வலிக்கும், வாய் கசக்கும். செக்கப் முடிந்து பஸ் ஏறினால் வலி போய்விடும். உடம்புக்குத் தேதி தெரியும் போல.

எனக்கு உதவியது, அந்த வாரத்தில் வேலையை அதிகமாக்கிக்கொண்டது. முகூர்த்த ரவிக்கை ஆர்டர் இருந்தால் அந்த வாரத்தில்தான் வாங்குவேன். ஆரி வேலைப்பாடு செய்யும்போது ஊசிமுனையை விட்டுக் கண் நகரக் கூடாது, மனம் ஊர் சுற்ற வழியில்லை. ரிப்போர்ட்டை நானே பிரித்து போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடுவதை விட்டுவிட்டேன். ஒரு தடவை ஏதோ ஒரு சொல்லுக்கு எங்கெங்கோ அர்த்தம் பார்த்து அழுது தீர்த்தபின், டாக்டர் அது பழைய தழும்பு என்றார். காலையில் ரத்தம் கொடுத்து மதியமே டாக்டரைப் பார்க்கிற மாதிரி கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். காத்திருக்கும் நாள் ஒன்று குறைந்தாலும் லாபம்.

சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போக முடியாமல் வாரக்கணக்கில் போனால் அது வெறும் பயம் இல்லை, அதற்கும் வைத்தியம் உண்டு. 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. மற்ற பெரிய ஆஸ்பத்திரிகளிலும் கேட்டால் ஆள் காட்டுவார்கள். மனநல டாக்டரைப் பார்த்தேன் என்று சொல்ல நான் வெட்கப்படவில்லை, மூன்று மாதம் மாத்திரையும் சாப்பிட்டேன்.

விரல் மரத்துப்போனது, களைப்பு, மறதி. இதெல்லாம் போகுமா?

ஆர்-சாப்பில் உள்ள வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்பு நுனிகளைத் தாக்கும். எனக்கு விரல் நுனியில் பஞ்சு கட்டிவிட்ட மாதிரி இருந்தது. தையல்காரிக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். ஊசியை எடுத்தால் எடுத்தேனா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். என் ரவிக்கைக்கு நானே கொக்கி மாட்ட முடியாமல் மகள் மாட்டிவிட்டாள். கீமோ முடிந்து எட்டாவது மாதம் ஒரு நாள், குண்டூசி குத்தி “ஸ்ஸ்” என்றேன். வலித்தது! கடையில் இருந்த பெண்ணுக்கு நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் திரும்பவில்லை. சிலருக்கு முழுதும் போகாது.

களைப்பு ஒரு வருடம்வரை இழுத்தது. படுத்தே கிடந்தால் அதிகமாகிறது, நடந்தால் குறைகிறது. இது என் அனுபவம் மட்டுமல்ல, டாக்டர்களும் அதையே சொல்கிறார்கள். மறதிக்கு நோட்டுப் புத்தகம்தான்.

பிறகு வரக்கூடியவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மருந்து என்று வார்டில் சொல்வோமே, அந்த டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடும், அதனால் எக்கோ. கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்கள் வருடத்துக்கு ஒரு முறை தைராய்டு பார்க்க வேண்டும். இளவயதில் நெஞ்சில் வாங்கிய பெண்கள் மார்பகப் பரிசோதனையை வழக்கத்தைவிட முன்கூட்டியே தொடங்க வேண்டும். ஹாட்ஜ்கினுக்கு பிளியோமைசின் போட்டிருந்தால், எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் செய்ய வேண்டாம், பத்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், போனிலும் ஒரு படம்.

அக்கி வரும் வாய்ப்பும் நமக்கு அதிகம். வந்தால் செம்மண் குழைத்து அக்கி எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை, ஆனால் மூன்று நாளுக்குள் டாக்டரையும் பார்த்து மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்.

தடுப்பூசி போடலாமா?

ஃப்ளூ, நிமோனியா ஊசிகள் போட வேண்டும். ஆர்-சாப்பில் வரும் ரிடுக்ஸிமாப் மருந்து முடிந்து ஆறு மாதமாவது ஆனால்தான் உடம்பு அவற்றுக்குச் சரியாக எதிர்ப்பு உண்டாக்கும். உயிருள்ள கிருமியை வைத்துச் செய்த தடுப்பூசிகளை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

சர்க்கரையை நிறுத்தினால் திரும்ப வராதா? முள்சீத்தா?

ஸ்கேனில் புற்று சர்க்கரையைத் தின்கிறது என்று தெரிந்ததிலிருந்து காப்பிக்குச் சர்க்கரை போடாதவர்கள் பலர். உடம்பின் எல்லாச் செல்லும் சர்க்கரையைத் தின்னும். நீங்கள் சோற்றை விட்டாலும் உடம்பு தானே செய்துகொள்ளும். எடை, நீரிழிவுக்காகக் குறைத்தால் நல்லது, அவ்வளவுதான். முள்சீத்தா கேன்சரைக் கொல்லும் என்று வாட்ஸப்பில் எனக்கு வந்தது குறைந்தது முப்பது தடவை. மனிதர்களிடம் அப்படி நிரூபணம் எதுவும் இல்லை. பழம் பிடித்தால் சாப்பிடுங்கள். கஷாயம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

“அதான் சரியாயிருச்சே, இன்னும் என்ன?” என்கிறார்கள் வீட்டில். என்ன சொல்வது?

அவர்களும் பயந்துதான் அப்படிச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஆறு சைக்கிளும் என்னோடு வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் நூற்றுக்கணக்கான டீ குடித்தவர். முடிந்ததும் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். செக்கப் அன்று மட்டும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து பைலை எடுத்துப் பையில் வைத்திருப்பார். அவருக்குத் தெரிந்த பேச்சு அதுதான்.

நான் பொறுத்துக்கொள்ளாத ஒன்று உண்டு. “நீ தைரியமா இருந்த, அதான் பிழைச்ச. தைரியத்தை விட்டா திரும்ப வந்துரும்.” எனக்கு அடுத்த பெட்டில் 26 வயதுப் பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து மடங்கு தைரியம். மருந்து ஏறும்போது எனக்குக் கதை சொல்லிச் சிரிக்கவைப்பாள். இன்று இல்லை. அவளுக்கு என்ன, தைரியம் போதவில்லையா? மருந்துக்கு அவள் நோய் கேட்கவில்லை, என் நோய் கேட்டது. அழ வேண்டும் என்று தோன்றினால் அழுங்கள். அழுததால் லிம்போமா திரும்பி வராது.

பிள்ளைகளுக்கு வருமா? வரன் பார்க்கும்போது சொல்ல வேண்டுமா?

பரம்பரை நோய் என்று சொல்லும்படி இல்லை. நெருங்கிய உறவினர்களுக்குச் சற்றே கூடுதல் வாய்ப்பு இருந்தாலும் அது மிகச் சிறியது, பிள்ளைகளுக்கென்று தனிப் பரிசோதனை எதுவும் சொல்வதில்லை. என் மகளுக்கு வரன் பேச வந்தவர்களிடம் நானே சொன்னேன். ஒரு வீட்டார் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

நோயிலிருந்து வந்த இளையவர்கள் என்றால், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மறைக்காதீர்கள், ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை பெறுவதைப் பெரும்பாலும் இரண்டு வருடமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள், நோய் திரும்பும் காலம் கடக்கட்டும் என்று.

மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2024இல் வந்த விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. விண்ணப்பத்தில் மறைத்துவிட்டு அப்புறம் சிக்கிக்கொள்ளாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

திரும்ப வந்தே விட்டால்?

முதலில் பயாப்ஸி. ஸ்கேன் ஒளிர்ந்ததை மட்டும் வைத்து மருந்து தொடங்க மாட்டார்கள், தொடங்கவும் விடாதீர்கள். உறுதியானால் வேறு கீமோ, அது கேட்டால் நம் ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்தும் மாற்று சிகிச்சை. இப்போது கார்-டி செல் சிகிச்சையும் இருக்கிறது. நம் டி-செல்களை வெளியே எடுத்து, புற்றை அடையாளம் காணும்படி மாற்றி, உள்ளே விடுவது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இரண்டாவது சுற்றிலும் முழுதாகக் குணமானவர்கள் இருக்கிறார்கள். சுலபம் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பதிலை நான் ஒரு தடவை முழுக்கக் கேட்டுவைத்துக்கொண்டேன், அதன்பின் ராத்திரிகளில் அதே கேள்வி வந்தால், பதில் இருக்கிறது, தூங்கு என்று சொல்லிக்கொள்வேன்.

உங்களுக்கு எப்போது நம்பிக்கை வந்தது?

ஸ்கேன் அன்று வரவில்லை. அன்று நம்பவே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா ஏலச்சீட்டு நடத்துகிறார். இருபது பேர், இருபது மாதம். பன்னிரண்டு வருடமாக ஒரு சீட்டையும் நான் விட்டதில்லை. 2022இல் புதுச் சீட்டு தொடங்கியபோது அவர் என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அவர் மேல் தப்பில்லை. சீட்டை எடுத்துவிட்டு ஆள் போய்விட்டால் மீதிப் பணத்துக்கு அவர்தான் பொறுப்பு. எல்லோரும் என்னை எப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அன்று புரிந்தது. எந்த டாக்டரும் சொல்லாததை அந்த வராமை சொன்னது.

2023 ஆவணியில் கடைக்கு வந்தார். முடி அப்போதுதான் காதை மூடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “புதுச் சீட்டு ஆரம்பிக்கிறேன் தங்கச்சி, சேர்றியா?” என்றார். எனக்குக் கத்தரிக்கோலைக் கீழே வைக்க வேண்டியதாகிவிட்டது.

“சேர்றேன்க்கா. ஏலம் கேக்க மாட்டேன். கடைசிச் சீட்டு எனக்கு.”

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “இருபதாவதுன்னா அடுத்த பங்குனி இல்ல, அதுக்கும் அடுத்த பங்குனி ஆயிருமே.”

“ஆகட்டும்க்கா.”

நோட்டை என் கட்டிங் மேசைமேலேயே விரித்து, இருபதுக்கு நேராக என் பெயரை எழுதிக்கொண்டார்.